கம்ப்யூட்டர் நம்பணும்

'டிங்' என்று மணியடித்தது கார். முகப்பில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் திறந்தது. ஜெயசீலன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஹெலன், இங்க வா. இது நேத்து எரியல."

"எரிஞ்சா எரியட்டுமே. வண்டி ஓடுதில்ல?" என்றாள் மனைவி, கையில் துடைக்கிற துணியோடு.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆயுள் முழுக்கக் குவாலிட்டி செக்கிங் பார்த்து ரிட்டயர் ஆனவரிடம் சொல்கிற பேச்சா இது? ஒரு தையல் பிசகினாலும் ஜோடியையே ஓரங்கட்டியவர். ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடி அஸ்பாக் வண்டியை வாங்க வருகிறார். விளக்கைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்.

"வீட்டோட இருக்கறவனுக்கு வண்டி எதுக்கு?" என்று ஜெயசீலன் விற்க முடிவெடுத்தபோது ஹெலன் மறுபேச்சுப் பேசவில்லை. தினமும் விடியலில் வண்டியைத் துடைத்து, பேட்டரி இறங்காமலிருக்க ஒரு தரம் ஸ்டார்ட் செய்தும் வைத்தாள்.

மெக்கானிக் ஆபித் பாஷா ஸ்கேனரைச் சொருகினார். "கோளாறு நம்பர் பி-சைபர் ஒண்ணு ஒண்ணு மூணு. உள்ள போற காத்து எவ்ளோ சூடுன்னு பாக்கற சென்ஸார் சார். நம்பரை அழிச்சிட்டேன். ஒரு நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. அப்பதான் சரியாயிடுச்சுன்னு வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர் நம்பும்."

"ஆலங்காயம் போய்ட்டு வரலாங்க," என்றாள் ஹெலன். "நானும் வர்றேன். விளக்க ஒருத்தர் பாக்கணுமில்ல."

எப்போது கட்டினாளோ, அவள் பையில் புளிசாதம் இருந்தது.

மலை தெரியத் தொடங்கியதும் ஹெலன் வெளியே கை நீட்டினாள். "இங்கதான் எனக்கு வண்டி கத்துக் குடுத்தீங்க."

"எங்க கத்துக்கிட்ட? நேரா சோளக்காட்டுக்குள்ள விட்ட."

"பிரேக்கப் போடுன்னு கத்தனீங்க. எந்தக் காலால போடணும்னு சொல்லலியே."

ஜெயசீலன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். விளக்கு எரியவில்லை.

மறுநாள் காலை எரிந்தது.

இந்த முறை அவரே களத்தில் இறங்கினார். ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோப்புப் போட்டுத் துவைத்து, ஈரம் காயுமுன்னே மாட்டினார். வண்டி இருமிக்கொண்டே போய்த் தெருமுனையில் நின்றது.

பாஷா தலையில் கை வைத்தார். "இன்னா சார், இது குடியாத்தம் லுங்கியா, தொவச்சுப் போட? பேஜாரு." புது ஃபில்டரை மாட்டி, நம்பரை அழித்தார். "இப்ப வேலூர் வரைக்கும் போனாதான் நம்பும்."

வேலூர் கோட்டை அகழியோரம் நடந்தார்கள்.

"இங்க என்னை நிக்கவெச்சிட்டு, ஷிப்மெண்டுன்னு ஃபேக்டரிக்கு ஓடனீங்க."

"திரும்பி வந்தேன்ல."

"வந்தீங்க. வேர்க்கடலைக்காரரு, பாவம்மான்னு ரெண்டு பொட்டலம் சும்மா குடுத்தப்புறம்."

"இப்ப நான் வாங்கித் தர்றேன்," என்று வேர்க்கடலை வண்டியைத் தேடிப் போனார் ஜெயசீலன்.

அடுத்த நாளும் விளக்கு எரிந்தது. ஷூவில் வழிந்த பசையை எடுக்கிற திரவம் வீட்டில் மிச்சமிருந்தது. அதை ஊற்றிச் சென்ஸாரைத் துடைத்தார். ஒரு விளக்கு எரிந்த இடத்தில் இரண்டு எரிந்தன. பாஷா புது சென்ஸார் போட்டார். அன்றைக்குக் குடியாத்தம். ஹெலன் வழியெல்லாம் பழைய பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடுவாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சனிக்கிழமை மாலை விளக்கு எரியவில்லை. "நாளைக்கு வாங்க, வண்டி சுத்தமா இருக்கு," என்று அஸ்பாக்கிடம் சொல்லிவிட்டு, ஜெயசீலன் காரில் தனியாகப் போய் உட்கார்ந்தார். குறையில்லாத பொருளைப் பார்த்தால் அவருக்கு மனசு குளிரும். இன்று குளிரவில்லை. ஒரே ஒரு தரம் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் தேவலை என்றிருந்தது.

பக்கத்து சீட்டில் ஹெலன் மறந்துவிட்டுப் போன போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அவர் 'ஹலோ' சொல்வதற்குள் ஆபித் பாஷாவின் குரல் முந்திக்கொண்டது.

"அக்கா, காலைல ஏலகிரிதானே? அதே சென்ஸார் ப்ளக்கைக் கழட்டி, ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டு, திரும்ப சொருகிடுங்க. மலை ஏறினாதான் கம்ப்யூட்டர் நம்பும்னு சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."