வலிக்காத தோளுக்கு வைத்தியம்

ஈட்டி எறிகிறவளுக்குத் தோள் வலிப்பது உடம்பின் சுபாவம். அந்த வலியை மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்து, அனுமதி வந்த பிறகே குணப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டுத் துறையின் சுபாவம். ஈட்டிக்காரி இரண்டையும் மதித்தவள். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வலது தோளுக்கு வலி குறைக்கும் டேப் ஒட்டிவிடும்படி எழுதிக் கொடுத்தாள். அனுமதி மூன்றே நாளில் வந்தது. அந்த அவசரத்தில் குமாஸ்தா 'இடது' என்று டைப் அடித்திருந்தார், அவ்வளவுதான்.

துறையின் பிசியோ நீல டேப்பை அளந்து வெட்டி, ஓரம் பிரிந்து வராமலிருக்க முனைகளை வட்டமாகக் கத்தரித்தார். பிறகு ஃபைலைப் பார்த்தார்.

"இடது தோளைக் காட்டும்மா."

"எனக்கு வலிக்கிறது வலதுண்ணே."

"உனக்கு வலது. ஃபைலுக்கு இடது. நான் ஃபைலுக்குத்தான் வைத்தியம் பார்க்க முடியும்."

"ஒரு வார்த்தையை அடிச்சு எழுதினாப் போதாதா?"

"அதுக்கு மருத்துவக் குழு கூடணும். போட்டி முடிஞ்ச மறுவாரம் கூடுது. காத்திருக்கியா?"

அவர் கெட்டவரில்லை. இடது தோளில் ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டி, பசை பிடிக்கும்வரை தேய்த்தும் விட்டார்.

ஐந்தாம் நாள் ஒரு படிவத்தை நீட்டினார். டேப் ஒட்டிய தோளில் வலி உண்டா?

"இல்லை. ஆனா அங்க எப்பவுமே இல்லையே."

"எப்பவும் இருந்துச்சான்னு அதுல கேக்கலையேம்மா. கையெழுத்துப் போடு. இல்லேன்னா குணமாகாதவங்க லிஸ்ட்ல போயிடுவே, போட்டிக்கு அனுப்ப மாட்டாங்க."

எட்டு வருஷமாக அந்தப் போட்டி ஒன்றுக்காகவே அவள் தினமும் மைதானத்தில் வேர்வை சிந்தியிருந்தாள். கையெழுத்துப் போட்டாள். மனசு கேட்காமல், 'அந்தத் தோளில் முன்பும் வலி இல்லை' என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். வந்த வினை அந்த வரியால்தான் வந்தது.

துறை இயக்குநர் அதைப் படித்து அசந்துபோனார். வலிக்கிற தோளில் ஒட்டியவர்களில் பத்துக்கு நாலு பேர்தான் தேறியிருந்தார்கள். வலிக்காத தோளில் ஒட்டியவர் ஒருவர், வலியில்லாமல் இருப்பவரும் ஒருவர். நூற்றுக்கு நூறு. அன்றே சுற்றறிக்கை பறந்தது: "மேற்படி மீள்தன்மைச் சிகிச்சை நாடாவானது இனி வலியற்ற தோளில் மட்டுமே ஒட்டப்படல் வேண்டும். இரு தோளும் வலிப்போர் இத்திட்டத்தின் பயனைப் பெறத் தகுதியற்றவர் ஆவர்."

"அப்போ வலிக்கிற தோள், சார்?" என்று பிசியோ கேட்டுப் பார்த்தார்.

"அது திட்டத்துக்கு வெளியில இருக்கு. அதுல நாம தலையிடக் கூடாது."

ஈட்டிக்காரியின் படம் சுவரொட்டியாக வந்தது. நீல டேப், பெரிய எழுத்தில் 'வலி இல்லை', அடியில் அவள் கையெழுத்து. அவள் சேர்த்த வரிக்குத்தான் இடம் போதவில்லை. ஊரே கிறுக்குப் பிடித்து அலைந்தது. வங்கிக் கவுன்டரில் இருந்தவர்கள் டேப் தெரியும்படி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்கள். நீலம் பழசாகி ஆரஞ்சு வந்தது. இயக்குநர் கோட்டுக்குள் ஒட்டினால் யாருக்கும் தெரியாதே என்று கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டார்.

போட்டியில் முதல் வீச்சிலேயே அவளுடைய வலது தோள் பிசகியது. ஈட்டி பக்கத்திலேயே விழுந்தது. அவள் கடைசி. நிருபர்கள் ஓடி வந்தார்கள்.

"இடது தோள் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் அழுதுகொண்டே. ஆனந்தக் கண்ணீர் என்று எழுதிக்கொண்டார்கள்.

வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா ஆரஞ்சு டேப் ஒட்டிய முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த முட்டி நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"இப்பவும் வலியே இல்லடி. நல்லாக் கேக்குது."

"வலிக்கிற முட்டி?"

"அது வலிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தாங்களே, வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஊரு ஆயிரம் சொல்லட்டும், நான் நம்பியிருக்க மாட்டேன். பெத்த பொண்ணு கையெழுத்துப் போட்டுச் சொல்றா, அப்புறம் என்ன?"