கார் வைத்தியரிடம் நான் கர்ப்பிணியான கதை

தப்பை ஒப்புக்கொள்ளாத மனிதர்களைத் திண்டுக்கல்லில் வரிசையாக நிறுத்தினால், கார் வைத்தியர் அந்த வரிசையில்கூட நிற்கமாட்டார். தான் அங்கே நிற்க வேண்டியவரே இல்லை என்று வாதாடுவார். தொழில் மெக்கானிக். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு புகையிலை மண்டியில் குமாஸ்தா. கொடைக்கானல் துரை ஒருவர் விட்டுப்போன அமெரிக்கக் காரை எங்கள் முதலாளி வாங்கியிருந்தார். அதில் கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒருநாள் மாற்ற மறுத்தது. வைத்தியர் கியர்பாக்ஸைப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டினார். அதன்பிறகு கியர் மாறியது. ஆனால் மாறும்போதெல்லாம் பின்ஸீட்டில் இருப்பவரை எருமை முட்டியது போலிருந்தது.

முதலாளியின் ஒரே மகளுக்குக் குஜிலியம்பாறையில் வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். கார் உதைக்கிற சேதி சம்பந்தியம்மாள் காதுக்குப் போய்விட்டது. "அந்த வண்டியில எம் மருமகளை ஏத்த மாட்டேன். பிரசவம் இங்கனயே நடக்கட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டார். முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

வைத்தியர் வந்தார். முதலில் ரோட்டைக் குறை சொன்னார். பிறகு டிரைவரின் காலை. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதலாளி, புள்ளத்தாச்சி பாரத்துக்கு வண்டி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். இங்க இவருக்குத்தான் வயிறு இருக்கு. ஏத்தி விடுங்க."

தாடிக்கொம்பு வரைக்கும் கர்ப்பிணியாகப் போய்வந்தேன். கியருக்கு ஒருமுறை என் நெற்றி முன்ஸீட்டில் மோதியது.

"எங்கன வலிக்குது? முதுகா, அடிவயிறா?" என்று வைத்தியர் திரும்பிக் கேட்டார்.

"தலையிலய்யா."

"அப்ப வயித்துக்கு ஒண்ணுமில்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு."

முதலாளி பொறுமை இழந்தார். "ஏலே, எம் மக வராட்டி ஒன்னைய ஊருக்குள்ள இருக்க விடமாட்டேன்."

அப்போதுதான் வைத்தியர் காருக்கு அடியில் படுத்தார். என்னை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார், விடச் சொன்னார். இறங்கிக் குனிந்து பார்த்தேன்.

கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை கியர்பாக்ஸுக்குச் சொல்ல ஒரு கம்பி உண்டு. அழுத்தம் கூடினால் கியரும் முரட்டுத்தனமாக விழும். அந்தக் கம்பி, காலை எடுத்த பின்னும் திரும்பி வரவில்லை. அதன் மூட்டில் கயிற்றோடு ஒரு விரலி மஞ்சள் சிக்கியிருந்தது. பூட்டி முடித்த அன்று, கண்பட்டுவிடக் கூடாதென்று வைத்தியரே கட்டிய காப்பு. டிரைவர் எந்நேரமும் ஓங்கி மிதிக்கிறார் என்றே கியர்பாக்ஸ் பாவம் நம்பிக்கொண்டிருந்தது.

வைத்தியர் மஞ்சளை உருவி மடியில் செருகிக்கொண்டார். "பாக்ஸுல ஒரு கோளாறும் இல்லைன்னு அப்பவே சொன்னேன்ல. காப்புதான் கொஞ்சம் பலமாப் புடிச்சிருச்சு."

வளைகாப்பன்று அவரே ஓட்டினார். போகும்போது வழிநெடுகப் பீற்றல். திரும்பும்போது வாயைத் திறக்கவில்லை. மாட்டுவண்டிக்குக்கூட ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் அந்தப் பெண்ணின் கை நிறைய வளையல். கியர் மாறும்போது ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. அவள் தூங்கியே போனாள். வீட்டு வாசலில் அவளை எழுப்பப் போன முதலாளியை அவர் தடுத்தார்.

"செத்த நேரம் தூங்கட்டும் மொதலாளி."

வெயில் படாமல் கார் ஜன்னலை மறைத்துக்கொண்டு அவர் நின்றார்.

அவரை நான் திட்டாத நாளில்லை. ஆனால் என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பும் நாள் வந்தபோது, வாடகைக் காரை ஓட்ட வேறு யாரையும் நான் நம்பவில்லை. அவர் வீட்டு வாசலில்தான் போய் நின்றேன்.