தண்ணீர்க் கூண்டு எலிகள்

இன்றைக்கும் தண்ணீர்க் கூண்டு எலிகளுக்கு வயிற்றால் போகவில்லை. அடியில் விரித்திருந்த பிளாட்டிங் பேப்பர் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது.

சீதாராமன் அழாத குறை. கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் வேலையே அதுதான். மதியத்துக்கு மேல் இரண்டு கூண்டு எலிகளுக்கும் விளக்கெண்ணெய். பிறகு ஒரு கூண்டுக்கு மாதுளந்தோல் கஷாயம், மற்றதற்கு வெறும் தண்ணீர். தண்ணீர் குடித்தவை படாத பாடு பட்டால்தான் கஷாயம் மருந்து என்று நிரூபிக்க முடியும். வெள்ளிக்கிழமை புரொபசர் பார்க்க வருகிறார். வித்தியாசம் காட்டாவிட்டால் வேலை போகும்; செல்லூரில் மாமனாரின் தறி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

எண்ணெயைக் கூட்டிப் பார்த்தார். கஷாயக் கூண்டு லேசாக நனைந்தது. தண்ணீர்க் கூண்டு அசையவில்லை. எலிகளையே மாற்றினார். புது எலிகளும் ஜம்மென்று மீசை தடவின.

புரொபசர் தேதி சொன்னதிலிருந்து கழிந்துகொண்டிருந்தது சீதாராமனின் வயிறு மட்டும்தான். சாப்பாட்டைக் கண்டாலே பயந்தார்.

"அன்னக்கொடி, இந்தத் தயிர்சாதத்தை எங்கிட்டாவது போட்டுருங்க. வீட்டுக்குத் தெரிய வேணாம்."

கூண்டு கழுவும் அன்னக்கொடி தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். "நேத்தும் சாப்பிடலையே சார். ஆளு குச்சியாப் போயிட்டீக."

வீட்டில் மனைவி ராதாமணி வாசலிலேயே கேட்பாள்.

"சாப்பிட்டீங்களா? வயிறு எப்படி இருக்கு?"

"முழுக்கச் சாப்பிட்டேன். அப்படியேதான் இருக்கு."

அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. அதற்காகவே பொய். மறுநாள் தூக்குவாளி இன்னும் கனமாக வரும்.

வெள்ளிக்கிழமை புரொபசர் இரண்டு பேப்பர்களையும் தூக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானேய்யா இருக்கு? அப்புறம் மருந்து எதுக்கு?"

சீதாராமன் வாய் திறப்பதற்குள் வயிறு முந்திக்கொண்டது. ஓடினார்.

திரும்பி வந்தால், தூக்குவாளியோடு ராதாமணி நிற்கிறாள். கண் கலங்கியிருந்தது.

"வயித்தால போறது நிக்கவே இல்லையேன்னு பயந்து நானே வந்தேன். முழுக்கச் சாப்பிட்டேன்னீங்களே! தினமும் எலிக்குத்தான் போகுதாம்!"

அன்னக்கொடி தலைகுனிந்தாள். "வீணாப் போகுதேன்னுதேன் சார். அந்தக் கூண்டுக்கு மருந்து குடுக்குறீக. இதுகளுக்கு வெறுந்தண்ணி. மனசு கேக்கலை. இதுகளுக்கு மட்டும் வச்சேன்."

"வெறும் தயிர்சாதம்தானே ராதா, போகட்டும்" என்றார் சீதாராமன்.

"வெறும் தயிர்சாதமா? நீங்க வீட்ல சொல்வீங்களே, அதே மாதுளந்தோலை அரைச்சுப் பிசைஞ்சு அனுப்பினேன். அப்படியேதான் இருக்குன்னீங்க. நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போனேன்."

அவள் விரல்களில் மாதுளந்தோலின் கறை ஏறியிருந்தது. இத்தனை நாள் அதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை.

புரொபசர் அவள் கையிலிருந்த தூக்குவாளியைத் திறந்து ஒரு கவளம் சாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். துவர்ப்பில் முகம் கோணியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மருந்து பிரமாதமா கேக்குதுய்யா, வேலையைத் தொடர்ந்து பாரு. இம்புட்டு நாளும் தண்ணிக் கூண்டுல இருந்தது நீ ஒருத்தன்தான்!"