அறுபது படி, அறுபது பேர்

எட்டாம் வகுப்போடு நின்று ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் நான் வாரப் பத்திரிகைக்கு எழுத வந்தது கொஞ்சம் அதிகம்தான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நா எழாது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊசியம்மாவைப் பற்றி எழுத வேறு யாரும் முன்வரவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இன்னமும் பயம் போகவில்லை.

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் எங்கள் காப்பி எஸ்டேட்டில் நர்சாக இருந்தவர். அங்கே அவர் ஊசி இறங்காத உடம்பே கிடையாது. காய்ச்சலுக்கு ஒரு ஊசி, வயிற்றுவலிக்கு ஒரு ஊசி, பொய் சொல்லி லீவு கேட்டவனுக்கு இரண்டு ஊசி. எங்கிருந்தோ வந்த ஒரு பாத்திர வியாபாரி டிஸ்பென்சரி வாசலில் நின்று வழி கேட்டார். வழியும் கிடைத்தது, இடுப்பில் ஒரு ஊசியும் கிடைத்தது. நேரில் பார்த்தால் நர்சம்மா என்போம். அவர் வளைவு திரும்பியதும் ஊசியம்மா.

ஓய்வு பெற்றதும் ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கை சும்மா இருக்குமா? ஊரில் மறதி வந்த பெரியவர்களைப் பிடித்துக்கொண்டார். இது எண்பதுகளின் நடுவில். மறதிக்கு வைத்தியம் என்று எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை. சேலத்து டாக்டரே, "வயசாச்சு, பத்திரமா பார்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். ஊசியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"காலு ஒரு பக்கம் சும்மா கெடக்குது, தலை ஒரு பக்கம் சும்மா கெடக்குது. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல வேலை குடுங்க. முழிச்சுக்காம எங்க போகுதுன்னு நானும் பாக்கறேன்" என்றார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மூன்று பேர் சிக்கினார்கள். முதலாமவர், ஏற்காட்டில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். அவர் ஒற்றைக்காலில் நின்றபடி, கடையில் இருந்த சாமான்களைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மாரமங்கலத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா. ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே, பஸ் நிற்கும் ஊர்களைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொண்டு வர வேண்டும். தப்பினால் பழம் ஊசியம்மாவுக்கு. அந்த சீசனில் ஊசியம்மா நன்றாகவே பெருத்துப் போனார்.

ஒரு நாள் மலை பார்க்க வந்த குடும்பம் ஒன்று, ரோட்டோரம் பாய் ஒற்றைக்காலில் கண்ணை மூடி முணுமுணுப்பதைக் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது.

"ஏனுங்க, கும்புடறதெல்லாம் அப்பறம் வெச்சுக்குங்க. அவரு இப்பத்தான் கருப்பட்டிக்கு வந்திருக்காரு, இன்னும் கடுகு இருக்குது" என்று ஊசியம்மா விரட்டினார்.

மூன்றாவது ஆள் என் அப்பா.

அப்பா எஸ்டேட் ரைட்டர். தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்டோர் முற்றத்தில் ஆட்களை நிறுத்தி மஸ்டர் எடுத்தவர். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் குறிப்பதுதான் மஸ்டர். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டோருக்கு அறுபது கல்படி. ஊசியம்மா கணக்காகப் பிடித்துக்கொண்டார். படிக்கு ஒரு பேர், பழைய மஸ்டர் வரிசைப்படி. பேர் தப்பினால் இரண்டு படி இறங்க வேண்டும். முதல் வாரம் அப்பா ஏறியதைவிட இறங்கியதுதான் அதிகம். போகப் போக முன்னேறினார். ஆனால் நாற்பதாவது படியை மட்டும் தாண்டவே இல்லை. அங்கே வந்ததும் நின்றுவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. பனிமூட்டமான ஒரு மத்தியானம், நான் மெஷினில் குனிந்திருந்த நேரத்தில் அப்பா கிளம்பிப் போய்விட்டார். குப்பனூர் ரோட்டு இறக்கத்தில், நடுரோட்டில் நின்றவரை ஒரு லாரி டிரைவர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டாம் நாளே சேலத்திலிருந்து அண்ணன் வந்து நின்றார்.

"நாளைக்கு முதல் பஸ்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். எங்க ஊடு மூணாவது மாடி. கதவைச் சாத்திட்டா எங்கயும் போக முடியாது" என்றார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். பிறந்ததிலிருந்து மலையில் நடந்த மனிதர் ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தேன்.

விஷயம் காதில் விழுந்து ஊசியம்மா வந்தார். அவரைக் கண்டதும், ஆபீசில் பத்துப் பேரை அதட்டும் அண்ணன், எழுந்து இடுப்பைச் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டார்.

"ஏன்டா கண்ணு, அப்பனைக் கொண்டுபோயி அடைக்கப் போறியாமா?"

"அடைக்கறதில்லீங்க நர்சம்மா. அவருக்குத்தான் எதுவுமே ஞாபகம் இல்லீங்களே."

"உக்காந்தா இருக்காது. நடந்தா இருக்கும். வா, வந்து பாரு. அறுபது படி, அறுபது பேரு. ஒண்ணு தப்பினாலும் நானே பஸ் ஏத்தி உடறேன்."

நான் ஊசியம்மாவைத் தனியாக இழுத்து, "நாப்பதைத் தாண்டுனதே இல்லீங்களே!" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? வாயை மூடிட்டு வா சாமி."

அவர் குரலும் கொஞ்சம் நடுங்கியதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அப்பாவின் பழைய மஸ்டர் நோட்டு அண்ணன் கையில். படியெல்லாம் பாசி, மேலே தூறல். ஊசியம்மா அப்பாவுக்கு ஒரு படி பின்னால் நின்றார். விழுந்தால் தாங்குவதற்கு.

"குப்பன்" என்று அப்பா முதல் படியில் கால் வைத்தார். "வெள்ளையன். சின்னப்பொண்ணு." அண்ணனின் விரல் நோட்டில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இருபது. முப்பது. முப்பத்தைந்தில் அப்பாவின் கால் வழுக்க, ஊசியம்மா அவர் முதுகில் கை வைத்துத் தாங்கினார். "பேரு போயிரும், பேசாதீங்க!" என்று, பேசாமல் நின்ற எங்களை அதட்டினார்.

நாற்பது. அப்பா நின்றுவிட்டார்.

மூடுபனி இறங்கியது. பேர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நான் என் விரலைக் கடித்துக்கொண்டேன். அப்பா மேல் படியைப் பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு நாற்பத்தோராவது படியில் ஏறி, வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக ஒரு இருமல் இருமினார். அடுத்த படியில் கால் வைத்து, "முனியப்பன்" என்றார்.

"நாப்பத்தொண்ணுக்குப் பேரு சொல்லல. தப்பு" என்றார் அண்ணன்.

"அங்க யாரு பேரு எழுதியிருக்குதுன்னு படிடா" என்றார் ஊசியம்மா.

அண்ணன் கண்ணருகில் வைத்துப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் அம்மா பேர். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்.

"மாத்திரைத் தட்டோட தெனமும் அந்த ஸ்டோர் முத்தத்துல நின்னவ நான். அத்தனை பேரு முன்னால பொண்டாட்டி பேரைக் கூப்புட உங்கப்பனுக்கு நொம்ப வெக்கம். இருமுவாரு. உங்கம்மா 'வந்தேனுங்க'ன்னுவா. அந்த இருமலு இன்னிக்குத்தான் வந்திருக்குது. ரைட்டர் மஸ்டரு சரியாத்தான் எடுக்கறாரு. நீ நோட்டைப் பாரு."

மீதிப் படிகளை அப்பா அநேகமாக ஓடியே ஏறினார். அறுபதாவது பேரைச் சொல்லிவிட்டு ஸ்டோர் முற்றத்தில் மூச்சு வாங்க நின்றவர், நோட்டும் கையுமாக எதிரே வந்த அண்ணனை உற்றுப் பார்த்தார்.

"ஏன் சாமி, புது ஆளா? பேரு சொல்லு, எழுதிக்கறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தன் பேரைச் சொன்னார்.

"அப்பன் பேரு?"

அண்ணன் அதையும் சொன்னார்.

"கேட்ட பேராத்தான் இருக்குது" என்றார் அப்பா. "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு. லேட்டா வந்தா அரை நாள்தான் போடுவேன்."

இறங்கும்போது ஊசியம்மா யாரையும் திட்டவில்லை. முன்னால் போய், ஒவ்வொரு படியிலும் பாசியைத் தன் காலால் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் முதல் பஸ் போன பிறகு, காலை ஏழு மணிக்கு அண்ணன் ஸ்டோர் முற்றத்தில் நின்றார். அப்பா அவர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.