சம்பந்தி கொடுத்த எவர்சில்வர் ரிவால்வர்

"தொடாதேன்னு சொல்லித்தானே அந்த மனுஷன் குடுத்துட்டுப் போனாரு?" என்றாள் வாண்டா.

"நான் எங்க தொட்டேன்? எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்," என்றார் அவள் கணவர் வெர்லின்.

சமையலறை மேஜையில் நீல அட்டைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே எண்ணெய்த் தாளின் மேல் குட்டைக் குழலோடு ஒரு ரிவால்வர், முழுக்க எவர்சில்வர். குண்டு போடும் உருளையின் மேல் வெர்லினின் கட்டைவிரல் ரேகை அச்சடித்தாற்போல் விழுந்திருந்தது. மத்தியானம் தின்ற பன்றி விலாவின் சாஸும் அந்த ரேகையோடு சேர்ந்திருந்தது.

பெட்டி ராய்ஸினுடையது. அடுத்த மாதம் வெர்லினின் மகள் டெஸ்ஸாவுக்கும் ராய்ஸின் மகனுக்கும் கல்யாணம். ராய்ஸ் வீட்டில் கூரை மாற்றும் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால், அவரும் மனைவி லர்லீனும் ஆர்கன்சாஸில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். போகும்போது இந்த ஒரு பெட்டியை மட்டும் வருங்காலச் சம்பந்தியிடம் ஒப்படைத்திருந்தார்.

"இதுல இதுவரைக்கும் ஒரு குண்டு சுட்டதில்ல, சம்பந்தி. உருளையை ஒரு சுத்து சுத்தினதில்ல. சுத்தினா அதுல கோடு விழும். கோடு விழுந்தா பாதி மதிப்பு காலி," என்று கொடுக்கும்போதே சொன்னார் ராய்ஸ்.

"அப்ப இதை வச்சு என்னதான் பண்ணுவீங்க?"

"வச்சிருப்பேன்," என்றார் ராய்ஸ். "குழல்ல குறுக்கே ஒரு சின்ன ஆணி தெரியுதா? கம்பெனி முதல்ல போட்டதுலதான் இந்த ஆணி. அப்புறம் வந்ததுல இல்ல. ஆணி இருந்தா ஒரு விலை, இல்லாட்டி ஒரு விலை."

"சுடறதுல வித்தியாசம் இருக்குமா?"

"யாருக்குத் தெரியும்? யாரு சுட்டுப் பார்த்தா?"

அவசரத்துக்கு அடையாளமாக அதில் பொறித்திருக்கும் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளட்டுமா என்று வெர்லின் கேட்டதற்கு, ராய்ஸ் சிரித்தேவிட்டார். "நம்பர் பாக்கறது போலீஸ்காரன் வேலை, சம்பந்தி. கூட்டத்துல நூறு ரிவால்வரை வச்சாலும் என்னோடதை நான் கண்ணாலயே பொறுக்கிடுவேன்."

ராய்ஸுக்கு ஒரு தம்பி உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் அன்று அந்த ஆள் விளையாட்டாக ராய்ஸின் இன்னொரு ரிவால்வரின் உருளையைச் சுழற்றி, 'டக்' என்று மணிக்கட்டால் மூடிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கல்யாணத்துக்கும் அவருக்கு அழைப்பு இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் வெர்லின் எடுத்துப் பார்த்துவிட்டார். பார்க்காதே என்று சொன்னால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கிறது?

சட்டை நுனியால் துடைத்தார். ரேகை போயிற்று, அந்த இடத்தில் எண்ணெய்த் திட்டு வந்தது. ஓய்வு பெறும் வரை பழைய பிக்கப் லாரிகளைப் புதிதாக்கிக் கொடுத்தவர் அவர். அவர் மெருகேற்றிய பம்பரைப் பார்த்தபடி சவரம் செய்துகொள்ளலாம். ஷெட்டிலிருந்து மெருகுப் பசையை எடுத்துவந்து, திட்டு விழுந்த இடத்தில் மட்டும் தேய்த்தார். அங்கே மட்டும் பளிச்சிட்டது. ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் நன்றாகவா இருக்கும்? முழுவதையும் தேய்த்தார். முடித்தபோது ரிவால்வரில் தன் மூக்கின் மயிர்வரை தெரிந்தது. அவருக்கே பெருமை தாங்கவில்லை.

பெருமையைக் காட்டப் பக்கத்து வீட்டு க்ளீட்டைக் கூப்பிட்டார். துப்பாக்கிச் சந்தை ஒன்றுவிடாமல் போய்வருகிறவன் க்ளீட். உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"யாருடா செத்தா?" என்றார் வெர்லின்.

"நீதான். இன்னும் உனக்குத் தெரியல. ஏன்டா, இது என்ன லாரி பம்பரா? கம்பெனியிலேருந்து வரும்போதே மங்கலாத்தான் வரும். அந்த மங்கலுக்குத்தான்டா ஆளுங்க உயிரை விடுறாங்க!"

"பளபளப்பா இருந்தா விலை ஏறாதா?"

"ஏறும். ராய்ஸுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்."

வெர்லின் மெருகுப் பசை டப்பாவை இறுக மூடினார்.

பளபளப்பை மங்கவைக்கப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் மெதுவாக, நீளவாக்கில், ஒரே திசையில் இழுக்கச் சொல்லிவிட்டுப் போனான் க்ளீட். வெர்லினின் கை வாழ்நாள் முழுக்கச் சக்கரம் தேய்த்த கை. அது வட்டவட்டமாகத்தான் போயிற்று.

"இதென்ன, என் தோசைக்கல்லாட்டம் இருக்கு?" என்றாள் வாண்டா.

"நீ பான்கேக் சுடறதோட நிறுத்திக்கோ."

வட்டக் கீறல்களை நீளவாக்கில் இழுத்துச் சரிசெய்ய, கைப்பிடியின் மரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்த திருப்புளி அதன் திருகாணியின் தலையைக் கடித்துக் குதறியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், திருப்புளி வழுக்கி மரத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டது. பதறிப்போய் ரிவால்வரைத் தூக்கிப் பிடித்தபோது விரல் விசையில் பட்டு உருளை டக், டக் என்று நகர்ந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். உருளையைச் சுற்றி மெல்லியதாக ஒரு கோடு.

"அவரு தம்பி இந்தக் கோட்டோட நிறுத்திட்டாரு," என்றாள் வாண்டா. "நீ அலங்காரமே பண்ணிட்டே."

அந்த நேரம் பார்த்து டெஸ்ஸா போன் செய்தாள். "அப்பா! ராய்ஸ் உங்களைப் பத்தி அங்க எல்லார்கிட்டயும் ஒரே பெருமையாம். சொந்தத் தம்பியை நம்பாதவரு, உங்களை நம்பிக் குடுத்திருக்காராம். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

வெர்லின் போனை வைத்தார். இந்தப் பெண் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அந்தப் பையனுக்காகவே காத்திருந்தவள். கல்யாணத்தன்று ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் அவள் என்ன ஆவாள்? நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

"உண்மையைச் சொல்லிடு," என்றாள் வாண்டா.

"கல்யாணம் முடியட்டும், சொல்றேன்."

"பேரப்பிள்ளை பொறந்ததும் சொல்லேன்."

சனிக்கிழமை கண்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை. க்ளீட் முன்னே போக, வெர்லின் பின்னே போனார். கடைசி வரிசையில், மாட்டிறைச்சி வற்றலை மென்றுகொண்டிருந்த தாடிக்காரர் ஒருவரின் மேஜையில் அதே நீலப் பெட்டி, அதே எண்ணெய்த் தாள், அதே ரிவால்வர். குழலில் ஆணியும் இருந்தது.

வெர்லின் தன் பையிலிருந்ததை மெதுவாக எடுத்து, "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், இதுக்கு என்ன மதிப்பு வரும்?" என்றார்.

தாடிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். "காத்துல பேப்பர் பறக்குமே, அது மேல வைக்கலாம். யாருய்யா இப்படிப் பண்ணது?"

"எனக்கு வேண்டியவன் ஒருத்தன்."

"அவன்கூடச் சேராதீங்க."

தன் மேஜையில் இருந்ததைக் கொடுக்கத் தாடிக்காரருக்குப் பணத்தில் நாட்டமில்லை, பண்டமாற்றுதான் வேண்டும். பேச்சு எங்கெங்கோ சுற்றி, வெர்லின் தன் லாரிக்குப் பின்னால் பூட்டி வந்திருந்த மீன்பிடிப் படகில் வந்து நின்றது. அவரே பலகை மாற்றி, அவரே வண்ணம் பூசி, பக்கவாட்டில் மனைவி பெயரை எழுதிய படகு. ஏரியில் விடியற்காலையில் அதில் உட்கார்ந்தால் அவருக்கு உலகமே மறந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார். கண்ணைத் திறந்தபோது தாடிக்காரர் படகைத் தன் வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என் பேரையும் சேர்த்தே குடுத்துட்டியா?" என்றாள் வாண்டா, வீட்டுக்கு வந்ததும்.

"பேரை அழிச்சுக் குடுத்தா மதிப்பு குறையுமாம்."

ஞாயிற்றுக்கிழமை ராய்ஸும் லர்லீனும் வந்தார்கள். நலம் விசாரிக்கக்கூட ராய்ஸுக்குப் பொறுமையில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு மேஜை முன் உட்கார்ந்தார். லர்லீன் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெர்லின் சுவரோடு ஒட்டி நின்றார்.

ராய்ஸ் குழலைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். புருவம் சுருங்கியது.

"சம்பந்தி."

"ம்?"

"உங்க வீட்டுல காத்து ஈரம் ஜாஸ்தியோ?"

"கொஞ்சம்... ஏரிப் பக்கம்தானே."

ராய்ஸ் மறுபடி குனிந்தார். வாண்டா மூச்சை அடக்கிக்கொண்டாள். வெர்லின் மனதுக்குள் கல்யாண மண்டபத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் ராய்ஸ் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு இம்மி மாறல! எப்படிக் குடுத்தேனோ அப்படியே இருக்கு. இத்தனை வருஷமா இதைப் பாக்கறேன், என் கண்ணை ஏமாத்த முடியாது. சம்பந்தின்னா நீங்கதான்யா சம்பந்தி!" என்று எழுந்துவந்து வெர்லினைக் கட்டிக்கொண்டார். "கல்யாணம் முடிஞ்சதும் உங்க படகுல ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போறோம், என்ன?"

"போலாம், போலாம்," என்றார் வெர்லின் ஈனஸ்வரத்தில்.

டீயில் போட ஐஸ் எடுக்கும் சாக்கில் சமையலறைக்குள் தப்பி ஓடினார். குளிர்சாதனப் பெட்டியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று, நாலு நாளாக விடாத மூச்சையெல்லாம் சேர்த்து விட்டார். மகள் பிழைத்தாள். இந்த ரகசியம் அவரோடும் வாண்டாவோடும் க்ளீட்டோடும் மண்ணுக்குள் போய்விடும்.

பின்னால் கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பினார். லர்லீன் நின்றிருந்தாள். கூடத்தில் ராய்ஸ் வாண்டாவுக்கு ஆணியின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். லர்லீன் அந்தப் பக்கம் ஒரு தடவை காது கொடுத்துவிட்டு, நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இதை எங்க புடிச்சீங்க, சம்பந்தி? நான் ரெண்டு தடவை மாத்தி வச்சேன், எனக்கு இவ்வளவு பொருத்தமா ஒண்ணுகூடக் கிடைக்கலையே!"