கேஸ்கட்டு மாமா எழுந்து நின்ற நாள்

மதுரை ஜில்லாவில் கேஸ்கட்டு மாமா மனுப் போடாத ஆள் ஒருத்தர் உண்டென்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். அவனியாபுரத்தில் எங்கள் தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடை திறந்திருந்தால் ஹைகோர்ட்டுக்கு லீவு என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற நாட்களில் வெள்ளை வேட்டி, கக்கத்தில் கேஸ்கட்டு சகிதம், ஹைகோர்ட் பக்கம் போகும் ஒத்தக்கடை பஸ்ஸில் தொற்றிக்கொண்டிருப்பார்.

வக்கீல் வைக்கமாட்டார். “நம்ம கஷ்டத்த நம்மளே சொன்னாத்தான் மாப்ள ஜட்ஜுக்கு உறைக்கும்” என்பார். நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸுக்கு ஒரு மனு, மூடியில்லாத சாக்கடைக்கு ஒரு மனு. சொந்தச் சம்பந்தி வீட்டு மாடிப்படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதற்கும் ஒன்று. அந்த வருஷம் தீபாவளிக்கு மகளும் மருமகனும் வரவில்லை.

எங்கள் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அண்ணன் கல்யாணத்தில் போலீஸ் வந்து ரேடியோ செட்டை நிறுத்தியது. புகார் கொடுத்த மாமா, முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்கிறாத மாப்ள. கல்யாணத்துக்கு வந்தது சொந்தம். கம்ப்ளைண்டு குடுத்தது சட்டம்.”

ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அண்ணன், அன்றிலிருந்து மாமா கைகாட்டினாலும் வண்டியை நிறுத்தமாட்டான்.

அப்புறம் கொரோனா இரண்டாவது அலை வந்தது. ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் புதிதாகக் கட்டி முடித்து, கட்டில், ஆக்சிஜன் குழாய் எல்லாம் பொருத்தி, பூட்டிக் கிடந்தது. திறந்துவைக்கப் பெரிய ஆள் யாருக்கோ தேதி தோதுப்படவில்லையாம். ஜனங்கள் படுக்கை கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். மாமா விடுவாரா? மனு போட்டுவிட்டார்.

அந்த மனு விசாரணைக்கு வந்த அன்று எங்கள் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், எங்கேயும் இடமில்லாமல் தெருமுனைக்கே திரும்பினோம். அவனுடைய ஆட்டோவின் பின்சீட்டில் அவனையே படுக்க வைத்திருந்தோம். அண்ணி விசிறிக்கொண்டிருந்தாள்.

மாமா ஓடிவந்தார். “ஆட்டோவ நேரா புது ஆஸ்பத்திரிக்கு விடு. இன்னைக்கு ஆர்டராயிரும். தொறந்ததும் மொத ஆளா இவன் உள்ள போகட்டும்.”

“ஆர்டராகலைன்னா மாமா?”

“வாயக் கழுவு. ஒம்போனக் குடு.”

கோர்ட் அப்போது செல்போன் திரையில்தான் நடந்தது. மாமாவிடம் இருந்ததோ பட்டன் போன். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் போவதற்கு வேறு இடமும் இல்லை. அண்ணனின் ஸ்டாண்டுக்காரர் ஒருவர் ஆட்டோவை ஓட்ட, நானும், கடை ஸ்டூலும் கருவிப் பையுமாக மாமாவும் என் பைக்கில் பின்னாலேயே போனோம்.

ஆட்டோவைக் கேட்டை ஒட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு எதிரே என் பைக்கை நிறுத்தி, சீட்டின் மேல் போனை ஹெல்மெட்டில் சாய்த்து வைத்தேன். மாமா கேட்டுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். மேலே வெள்ளைச் சட்டை, கீழே கட்டம்போட்ட கைலி. முகம்தானே தெரியப்போகிறது என்ற தைரியம்.

திரையில் நீதிபதிகள் இருவரும் தோன்றினார்கள். மாமா விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார். ஜட்ஜ் வந்தால் எழுந்திருப்பது அவர் உடம்பில் ஊறிய பழக்கம். திரையில் இப்போது தொப்பையும் கைலியும் மட்டும் தெரிந்தன.

“மாமா, உக்காருங்க. தொப்பைதான் தெரியுது.”

“கனம் கோர்ட்டார் முன்னாடி உக்காரவா? செத்தாலும் மாட்டேன்” என்றவர், தொப்பையைக் காட்டுவதும் மரியாதை இல்லை என்று ஓரமாக ஒதுங்கிக் கைகட்டி நின்றார். திரையில் மாமாவே இல்லை. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அரசு வக்கீல் பேசினார். அந்த ஆஸ்பத்திரி ஏற்கெனவே செயல்பட்டு வருகிறது, நோயாளிகள் சிகிச்சை பெறுகிறார்கள், ஆகவே மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார்.

“மனுதாரர் எங்கே? திரையில் தெரிவது என்ன இடம்?” என்றார் ஒரு நீதிபதி.

“இங்கனதான் நிக்கிறேன் கனம் கோர்ட்டார் அவர்களே! அதுதான் அந்த ஆஸ்பத்திரி.”

“கேட்டில் என்ன தொங்குகிறது?”

“பூட்டுங்கய்யா.”

“பக்கத்தில் கட்டியிருப்பது?”

“ஆடுங்கய்யா. வெளிநோயாளி.”

ஒரு நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “அந்த ஆட்டோவில் யார்?”

மாமாவின் குரல் இறங்கிவிட்டது. “நம்ம பயலுங்கய்யா. மூச்சு விட முடியல. காலையில இருந்து சுத்துறோம், எங்கயும் இடமில்ல. நீங்க சொன்னா இந்தக் கேட்டு தொறந்துரும்யா.”

 நீதிபதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாய்தா கிடையாது, விழா கிடையாது, உடனே திறந்து நோயாளிகளைச் சேர்க்க வேண்டும், சேர்த்ததை இன்றைக்கே கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று உத்தரவானது.

கொஞ்ச நேரத்தில் ஜீப்புகள் பறந்து வந்தன. டாக்டர் வந்தார், நர்ஸுகள் வந்தார்கள், சாவி மட்டும் வரவில்லை. அது காண்டிராக்டரிடம் இருந்தது, காண்டிராக்டர் தனிமைப்படுத்தலில் இருந்தார். மாமா தன் பையிலிருந்து இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து ஓர் அதிகாரியிடம் நீட்டினார்.

“நீங்களே அறுத்துருங்களேன்” என்றார் அதிகாரி.

“நான் அறுத்தா அரசாங்கச் சொத்த சேதப்படுத்துனேன்னு கேஸாகிரும் சார். நீங்க அறுங்க.”

அதிகாரி வியர்க்க விறுவிறுக்க அறுத்தார். ஆடு மிரண்டு கத்தியது. அண்ணனை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் மாட்டினார்கள். அவன் நெஞ்சு மெல்ல ஏறி இறங்குவதை ஜன்னல் வழியாக நானும் மாமாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். பிழைத்துவிடுவான் என்று டாக்டர் வந்து சொன்னதும், மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“என்ன மாமா, அதான் ஜெயிச்சாச்சுல்ல?”

“அதுக்குத்தான் மாப்ள அழுகுறேன். எம்புட்டு கேஸு போட்டிருப்பேன்! ஒன்னாவது ஜெயிச்சிருக்கேனாடா? இதான் மொதத் தடவ.”

எங்கள் வீட்டுக்கு அந்த ஒன்று போதும் மாமா.