வரப்பைத் தள்ளிய வழக்கு

"அப்பா, எந்தக் காலேஜை முதல்ல போடறது? இந்த வாரத்தோட முடியுது!" என்றாள் இசைவாணி.

சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் ஒன்றுதான். ஆனால் சென்னையா, மதுரையா, திருச்சியா என்ற விருப்ப வரிசையை நாம்தான் கொடுக்க வேண்டும். முதலில் கேட்டதே கிடைத்துவிட்டால் ஐந்து வருடம் அங்கேதான்.

இராஜாங்கம் விவசாயி. நெல் ரகங்களை எப்படி ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரியும். ஒரே வயலில், ஒரே நாளில் நட்டு, ஒரே தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் விதையின் குணம் தெரியும்.

கல்லூரிக்கும் அதே முறைதான் என்று முடிவு செய்தார். அந்த மூன்று ஊர்களில் படித்த மூன்று வக்கீல்களைத் தஞ்சாவூரில் விசாரித்து வைத்துக்கொண்டார். மூவரிடமும் ஒரே வழக்கைச் சொல்லி, யார் பதில் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதாகத் திட்டம்.

முதலில் திருச்சியில் படித்தவர்.

"பக்கத்து வயல் மருதையன் வரப்பை வெட்டி என் பக்கம் ஒரு முழம் தள்ளிட்டாரு சார்."

சுத்தப் பொய். மருதையன் மச்சான் முறை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் இவர் வயலுக்கு விட்டுவிட்டுத்தான் தன் மடையைத் திறப்பார்.

வக்கீல் பதில் சொல்வார் என்று பார்த்தால், கையெழுத்து வாங்கினார். மறுநாளே மருதையனுக்கு நோட்டீஸ் போய்விட்டது.

இராஜாங்கம் பதறிப்போய் மதுரையில் படித்தவரிடம் ஓடினார். "அதை வாபஸ் வாங்கணும் சார்!"

"சும்மா வாங்கினா, பொய் வழக்குன்னு அவங்க உங்க மேல திரும்புவாங்க. வேற மாதிரி எழுதறேன்."

வேறு மாதிரி எழுதியதில் ஒரு முழம் இரண்டு முழமானது. வாய்க்கால் மடையை உடைத்ததும் சேர்ந்துகொண்டது.

மிச்சமிருந்தவர் சென்னையில் படித்த அம்மையார். "எப்படியாவது சமாதானமா முடிச்சுக் குடுங்கம்மா."

"ரொம்ப நல்லதுங்க. சமாதானத்துக்கு வரச் சொல்லி எழுதிடறேன். வரலன்னா கேஸ் போடுவோம்னும் ஒரு வரி சேத்துக்கலாம்."

மூன்றாவது நோட்டீஸும் போனது.

"பொண்ணை வக்கீலாக்கச் சொன்னா, நீங்க கட்சிக்காரரா ஆகி வந்து நிக்கிறீங்க!" என்றாள் மனைவி அம்சம்.

மருதையன் வீடு இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது. அவரும் வக்கீல் பார்க்கத்தான் போயிருப்பார் என்று இராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரி வரிசையும் காலியாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் மருதையன் சிரித்துக்கொண்டே வந்தார். கையில் அல்வாப் பொட்டலம்.

"மச்சான், மன்னிச்சிருங்க..." என்று இராஜாங்கம் எழுந்தார்.

"அட உக்காருங்க மச்சான். காலேஜ் பாக்கத்தான் இந்தக் கூத்துன்னு இசை முதல் நாளே சொல்லிடுச்சு. யாரு எங்க படிச்சாங்கன்னும் சொல்லுச்சு. நம்ம பையன் பரிதிக்கும் இந்த வருஷம் லா படிப்புதானே? தஞ்சாவூர்ல மாமியார் வீட்ல தங்கி, நெட் சென்டர்ல அவனுக்கு வரிசை போட்டு முடிச்சுட்டு வர்றேன். இசைக்கும் அதையே போடுங்க."

"எதை முதல்ல போட்டீங்க? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க அனுப்புன மூணு நோட்டீஸையும் படிச்சேன் மச்சான். எதைப் படிச்சப்ப, 'வரப்பை நெசமாவே நாமதான் தள்ளிட்டோமோ'ன்னு எனக்கே சந்தேகம் வந்து, டேப்பை எடுத்துக்கிட்டு வயலுக்கு ஓடுனேனோ, அந்த வக்கீல் படிச்ச காலேஜ்!"